சாரலுக்கு ஒரு விரல்

போன தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், தொலைந்துபோன ஸ்கூட்டர் ஆர்.சி. புத்தகத்துக்காகப் புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதை நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்; ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சுந்தரபாண்டியபுரத்து விவசாயி ஒருவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்ததை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். நீளமான ஒற்றைக்குழல். தோட்டா போடுகிற ரகம் இல்லை. குழலின் வாய் வழியாகவே கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ஈய ரவையைப் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. பணியிலிருந்த காவலர் அதை நிமிர்த்திப் பிடித்து, குழல் வாயில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்.

“ஏலே, கண்ணை எடு!” என்று கத்திவிட்டேன்.

நிலையமே திரும்பிப் பார்த்தது. ஒரு போலீஸ்காரரை அவர் மேஜைக்கு எதிரிலேயே ‘ஏலே’ போட்டுக் கூப்பிட்ட முதல் புகார்தாரர் நானாகத்தான் இருப்பேன். நல்லவேளை, எழுத்தருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. “லேப் மேடம்லா! ரிட்டயர்டாயி மேலகரத்துல இருக்காவ. துப்பாக்கி கேஸுக்கெல்லாம் இவியதான் கோர்ட்டுல சாட்சி சொல்லுவாவ” என்று எனக்காகப் பேசினார்.

கம்பியை வாங்கிக் குழலுக்குள் மெதுவாக இறக்கினேன். அது முட்டி நின்றதும், குழல் வாயருகே கட்டைவிரலால் அடையாளம் பிடித்து வெளியே உருவி, குழலின்மேல் படுக்கவைத்துக் காட்டினேன். உள்ளே ஒன்றுமில்லை என்றால் கம்பியின் நுனி குழலின் அடிவரைக்கும் வர வேண்டும். நாலைந்து விரல் அகலம் குறைந்தது.

“அண்ணாச்சி, உள்ள மருந்து இருக்கே?”

“போன போகத்துல பன்னிக்குன்னு போட்டது. வெடிக்கல. அப்படியே மறந்துட்டேன், பாத்துக்கிடுங்க” என்றார் அவர், வீட்டு விளக்கை அணைக்க மறந்தவர் மாதிரி.

குழல் நிறையத் தண்ணீர் ஊற்றி ஓரமாகச் சாய்த்து வைக்கச் சொன்னேன். காவலர் இரண்டு மூன்று தடவை கண்ணைக் கசக்கிக்கொண்டார். நிதானத்துக்கு வந்த பிறகு கேட்டார்: “மேடம், இதுக்கு மருந்து எவ்வளவு போடணும்னு யாரு சொல்லுவா? தோட்டான்னா கம்பெனிக்காரன் அளந்து போட்டிருவான். இதுக்கு?”

நல்ல கேள்வி. என் உத்தியோகத்தில் பாதி அந்தக் கேள்வியில்தான் போயிற்று. அன்றைக்கு அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. புகாரை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இயற்பியல் படித்தவள். சென்னையில் அரசு தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை கிடைத்தபோது விரல் ரேகையோ ரத்தமோ பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். துப்பாக்கிப் பிரிவு என்று தெரிந்ததும் அம்மா இடிந்துபோய் உட்கார்ந்தாள். “ஏட்டி, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக பொண்ணுக்கு என்ன வேலைன்னு கேட்டா நான் என்ன சொல்ல? துப்பாக்கி சுடுதான்னா?” அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காது அடைத்தது, தோள் கன்றியது, மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்து வலித்தது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று. பள்ளிக்கூடத்தில் எதையாவது நோண்டி நோண்டிக் கேட்டு அடி வாங்கிய எனக்கு, நோண்டுவதற்கே சம்பளம் கொடுக்கிற இடம் அமைந்ததில் அப்படி ஒரு சந்தோஷம்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ராஜமாணிக்கம் சார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்த மாட்டார், திட்ட மாட்டார். நாம் எழுதிக் கொடுத்த அறிக்கையை அவர் திருத்தவும் மாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். எந்த வரிக்கு அந்தக் கேள்விக்குறி என்று சொல்லவும் மாட்டார். அது தெரியாமல் முழு அறிக்கையையும் முதலிலிருந்து நாமே சந்தேகப்பட்டுப் படிக்க வேண்டியதுதான். அவரைக் கரித்துக்கொட்டாத நாளில்லை. துப்பாக்கி சுடும்போது மட்டும் பின்சுவருக்கு அப்பால் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். சத்தத்தைக் கேட்டே மருந்து நன்றாக எரிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். கச்சேரிக்கு வந்தவர் மாதிரி தலையை ஆட்டுவார் என்று பின்னால் நாங்கள் கிண்டல் செய்வோம்.

வாயில் கெட்டிக்கிற துப்பாக்கிக்கு அவர் வைத்திருந்த முறை இது. முதலில் கம்பியை விட்டுக் குழல் காலிதானா என்று பார்ப்பது. பிறகு வெந்நீர் ஊற்றிக் கழுவி உலர்த்துவது. துப்பாக்கியைத் தாங்கியில் இறுக்கிக் கட்டி, விசையில் கயிறு கட்டிச் சுவருக்குப் பின்னாலிருந்து இழுப்பது. குழலுக்கு முன்னால் தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரிப்பது. மருந்தைக் குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் துளித்துளியாகக் கூட்டுவது. ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் வேகம் கூடாது. எரியாத மருந்து கறுப்பு மணலாகத் துணியில் வந்து விழும். அந்தக் குழலால் அவ்வளவுதான் தின்ன முடியும், மீதியைத் துப்பிவிடுகிறது. பழைய குழல் என்பதால் அதில் பாதியோடு நிறுத்திக்கொண்டு அதை ஆய்வக அளவு என்று எழுதுவோம்.

“இது துப்பாக்கியோட அளவு. மருந்து போடுற ஆளோட அளவு என்னன்னு கேட்டியாம்மா?” என்பார் சார்.

எனக்கு அது முதலில் விளங்கவில்லை. தோட்டாத் துப்பாக்கியில் சுடுகிறவன் விசையை மட்டும்தான் இழுக்கிறான். இந்தத் துப்பாக்கியிலோ, இழுப்பதற்கு முன்னால் ஒருவன் உட்கார்ந்து, எவ்வளவு போதும் என்று தன் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கு குழலுக்குள் இருக்கிறது. சுட்ட பிறகு அது புகையாகப் போய்விடும். அதை எங்கே தேடுவது? சிவகிரி வழக்கு வரும்வரை நானும் தேடியதில்லை.

சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் சுப்பையா, தம்பி மாடசாமி. அப்பா விட்டுப்போன வயல் இரண்டு துண்டு, நடுவில் ஒரு ஓடை, கிணறு மட்டும் பொது. தண்ணீர் முறை யாருக்கு எந்த நாள் என்பதில் சண்டை முற்றி, பேச்சுவார்த்தை நின்று, ‘உன்னை வச்சிருக்கேன் பாரு’ என்று அண்ணன் நாலு பேர் கேட்கச் சொல்லியும் இருந்தார். ஆடி மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில், சுப்பையாவின் கடலைக் கொல்லையில் பன்றி இறங்கியது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் உள்ள துப்பாக்கி அவரிடம் இருந்தது. அவர் சுட்ட ரவை ஓடைக்கு அப்பால் நின்ற மாடசாமியின் தொடையில் இறங்கியது. உயிர் பிழைத்துக்கொண்டார், கால்தான் பழையபடி வரவில்லை.

மோட்டார் ரூம் வாசலில் நின்று சுட்டதாகவும், தம்பி அந்தப் பக்கம் நின்றதே தெரியாது என்றும் சுப்பையா சொன்னார். மோட்டார் ரூமுக்கும் மாடசாமி விழுந்து கிடந்த இடத்துக்கும் ஒரு தென்னந்தோப்பின் நீளம் இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து இந்த ஓட்டைத் துப்பாக்கியின் ரவை எலும்பு வரைக்கும் இறங்குமா, ஓடைக்கரையில் கிட்டே நின்றுதான் சுட்டிருக்கிறார் என்றது போலீஸ். தூரத்திலிருந்து என்றால், விடியாத சாரல் இருட்டில் ஆள் தெரிந்திருக்காது, கவனக்குறைவு. கிட்டே நின்று என்றால் கொலை முயற்சி. துப்பாக்கியும், சட்டியில் கொஞ்சம் ரவையும், மருந்து இருந்த பிளாஸ்டிக் டப்பாவும் எங்களிடம் வந்தன. எங்களைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எவ்வளவு தூரம்?

ஆய்வக அளவுக்கு மருந்து போட்டுச் சுட்டேன். தென்னந்தோப்புத் தூரத்தில் வைத்த பலகையில் ரவை பட்டுத் தெறித்துக் கீழே விழுந்தது. போலீஸ் சொல்வது சரி என்று எழுதிவிடலாம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. மாடசாமிக்குப் பக்கத்திலிருந்த புளியமரத்திலும் ரவைகள் பதிந்திருந்தன. கிட்டே நின்று சுட்டால் ரவை கொத்தாகத்தான் போகும். இப்படிக் கையை விரித்தாற்போல் பரவாது. மரத்தில் இருப்பது எப்போதோ பன்றிக்குச் சுட்டது என்றார் போலீஸ் ஆய்வாளர். இருக்கலாம். இருந்தாலும், பரவியிருந்த அகலம் தூரம் என்றது, இறங்கியிருந்த ஆழம் கிட்டே என்றது. இரண்டும் ஒரே வெடியாக இருந்தால்? அதை நினைத்துக்கொண்டே ஒருநாள் பஸ்ஸில் நிறுத்தம் தவறி இறங்கினேன்.

சுப்பையாவின் வாக்குமூலத்தில் ஒரு வரி: சாரல் என்பதால் வழக்கத்தைவிட ஒரு விரல் கூடுதலாகப் போட்டேன். எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் மருந்தை யாரும் நிறுப்பதில்லை. மருந்தைக் கொட்டி நாரை அடைத்துக் கம்பியால் கெட்டித்த பிறகு, கம்பி குழலுக்கு வெளியே எத்தனை விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்பார்கள். பன்றிக்கு நாலு விரல். சாரல் காலத்தில் மருந்து நமுத்துப் போகும், வேகம் இருக்காது, அதனால் இன்னும் ஒரு விரல். எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

ஆகவே ஐந்து விரல் போட்டேன். எந்த மருந்தை என்பதுதான் அடுத்த கேள்வி. டப்பாவில் வந்தது கட்டி கட்டியாக நமுத்துக் கிடந்தது. அதைப் போட்டால் ‘புஸ்’ஸென்று புகை வந்து, ரவை பாதி வழியிலேயே விழுந்தது. ஆய்வகத்தின் காய்ந்த மருந்தை அதே ஐந்து விரல் போட்டுக் கயிற்றை இழுத்தேன். கட்டிடமே அதிர்ந்தது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்த சார் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். பலகையில் ரவை பரவியிருந்த அகலம் புளியமரத்துக்கு ஒத்துப்போனது. ஆழம் தொடைக்கு ஒத்துப்போனது.

“நல்லாயிருக்கு. ஆனா அது காய்ஞ்ச மருந்து. ஆடிச் சாரல்ல, ஓட்டு வீட்டுல, மருந்து எப்படிக் காய்ஞ்சிருக்கும்?” என்றார் சார்.

சுப்பையாவே நமுத்த மருந்து என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்தது இன்னொரு அற்பப் பொருள். மருந்து டப்பாவின் மூடிமேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்த முடிச்சுக்குள் ஒரு அரிசிக் குருணை இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அரிசிதான். சாருக்கும் காட்டினேன். “அரிசிதான்” என்றார் அவரும்.

சம்பவ இடத்தை அளக்க நான் போனது அடுத்த வருஷம் ஆனியில். எங்கள் ஆய்வகத்தின் சுறுசுறுப்பு அப்படி. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. சிவகிரிப் பக்கமும் அந்த வருஷம் சாரல் குறைவில்லாமல் அடித்தது. சுப்பையாவுக்கு ஜாமீன் கிடைத்திருந்தாலும் ஊருக்குள் வரக்கூடாது என்று நிபந்தனை. மதுரையில் தங்கித் தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் மனைவி முத்துப்பேச்சி மட்டும்.

ஆய்வாளரும் நானும் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது, ஊன்றுகோலோடு ஒருவர் ஓடையைத் தாண்டி வந்து சற்றுத் தள்ளி நின்றார். மாடசாமி என்று ஆய்வாளர் சொன்னார். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், ஆய்வாளர் டேப்பின் அடுத்த முனைக்குப் போனதும் என்னிடம் வந்தார்.

“அம்மா, சுட்டது அண்ணந்தான். அதுல ஒண்ணும் சந்தேகம் இல்ல. அவன் எனக்குப் பக்கத்துல நின்னு சுட்டானா, தூரத்துல நின்னு சுட்டானா? அதை மட்டும் சொல்லுங்க.”

“நான் இப்ப எதுவும் சொல்லக் கூடாதுய்யா. கோர்ட்டுலதான் சொல்லணும்.”

“கேஸுக்காவக் கேக்கல. கால் போனாப் போகுது. நான் நிக்கேன்னு தெரிஞ்சு சுட்டானா, தெரியாமச் சுட்டானான்னு இருக்கு பாத்தியளா... அது தெரியாம ஒறக்கம் வர மாட்டேங்குது.”

அதுவரை எனக்கு அது ஒரு கணக்கு. அகலம், ஆழம், விரல். இந்த மனுஷர் அதே கணக்கின் விடைக்காக ஒரு வருஷமாகத் தூங்காமல் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்லக் கூடாது என்பதை இன்னொரு தடவை சொல்லிவிட்டு டேப்பைச் சுற்றினேன்.

மழை வலுத்தது. சுப்பையா வீட்டில் ஒதுங்கினோம். ஆய்வாளர் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். போலீஸோடு வந்தவள் என்றாலும், வீட்டுக்கு வந்தவளுக்குக் காப்பி போடாமல் இருக்க முத்துப்பேச்சிக்கு மனம் வரவில்லை. அடுப்பில் சுள்ளியை அடுக்கினார். பிறகு அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, தீப்பெட்டியை எடுத்தார். ஒரே உரசலில் பற்றியது.

எனக்கு அப்படியே முடிச்சில் இருந்த குருணை ஞாபகம் வந்துவிட்டது.

“தீப்பெட்டிய அரிசிக்குள்ளயா வைப்பிய?”

“சாரல்ல வேற எங்கன வச்சாலும் நமுத்துப் போகும்லா. அரிசிக்குள்ள போட்டா ஈரத்தையெல்லாம் அது இழுத்துக்கிடும். எங்கம்மையும் அப்படித்தான் வைப்பா.”

“வேற என்னெல்லாம் வைப்பிய?”

கேட்ட உடனே அவர் முகம் மாறிவிட்டது. ஊதாங்குழலைக் கையில் எடுத்தவர் ஊதவில்லை. வாசலில் ஆய்வாளரின் முதுகைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரவியளுக்குத் தெரியாதும்மா” என்றார் குரலை இறக்கி. “மருந்து நமுத்துப் போச்சுன்னு தெனமும் பொலம்புவாவ. அதனால ராத்திரி டப்பாவ எடுத்து அரிசிக்குள்ள வச்சிட்டு, விடியதுக்கு முன்னால எடுத்து மாடத்துலயே வச்சிருவேன். சோத்துப் பானைக்குள்ள வெடியவா வைக்கேன்னு ஏசுவாவன்னுதான் சொல்லல. பொறவு போலீஸு வந்துட்டு. அரிசிக்குள்ள வெடிமருந்து வச்சவன்னு என்னையும் புடிச்சிட்டுப் போயிருவாவளோன்னு...”

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். கணவர் ஈரத்துக்கு ஈடாக ஒரு விரல் கூட்டுகிறார். மனைவி அதே ஈரத்தை அரிசியில் வைத்து எடுத்துவிடுகிறார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. காய்ந்த மருந்தில் சாரல் அளவு! டப்பாவில் மீந்தது, போலீஸ் எடுத்துப்போய் எங்களிடம் வந்து சேர்வதற்குள் மறுபடி நமுத்திருக்கிறது. துப்பாக்கி வெடித்துச் சிதறாமல் இருந்ததே பெரிது.

“இதைப் போலீஸுல சொல்லணும்மா” என்றேன்.

“சொன்னா அவியளுக்கு நல்லதா கெட்டதா?”

“எனக்குத் தெரியல. ஆனா சொல்லலன்னா, நமுத்த மருந்துன்னுதான் எல்லாரும் நெனைப்பாவ. நமுத்த மருந்து தூரத்துல இருந்து அங்கன வரைக்கும் போகாது.”

அடுப்பில் சுள்ளி தானாகவே பற்றி எரிய ஆரம்பித்திருந்தது. அவர் எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே வாசலுக்குப் போய் ஆய்வாளர் முன்னால் நின்றார். அந்தத் தைரியத்தை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். எனக்கு அன்றைக்குக் காப்பி கிடைக்கவில்லை.

சென்னைக்குத் திரும்பி உற்சாகமாக அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் பென்சில் கேள்விக்குறியோடு திரும்பி வந்தது.

இந்தத் தடவை நேரே போய்க் கேட்டேவிட்டேன். “எந்த வரி சார்?”

“எல்லா வரியும்தான். அந்தம்மா சொன்னது வாக்குமூலம்; அதைப் போலீஸ் எழுதிக்கட்டும். நாம எழுத வேண்டியது அரிசி என்ன சொல்லுதுன்னு. ஒரு ராத்திரி அரிசிக்குள்ள இருந்தா மருந்து காயுமா? நீ பாத்தியா? இங்கே சுட்டுப் பாத்து என்ன பிரயோஜனம்? சாரலைப் பார்சல்ல கொண்டுவர முடியாதே.”

ஆகவே சாரலைத் தேடி அவரே ரயிலேறி வந்தார். தென்காசிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்திலிருந்த போலீஸ் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் ஏற்பாடு. ஒரே மருந்தை இரண்டு டப்பாவில் பிரித்து, இரண்டையும் மூடியைத் தளர்த்திச் சாரல் காற்றில் நமுக்க விட்டோம். பிறகு ஒன்றைப் பரணில் வைத்தோம். மற்றதை முத்துப்பேச்சி வைக்கிற மாதிரியே துணி கட்டி, மாலையில் அரிசிக்குள் புதைத்து, விடியும்போது எடுத்தோம். ஒரு வாரம் இப்படியே. நாங்கள் தங்கியிருந்த சுற்றுலா மாளிகைச் சமையல்காரர் எங்களை விநோதமாகப் பார்த்தார். அரிசியைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். பழைய அருவி, ஐந்தருவி எல்லாம் தண்ணீர் கொட்டுகிறது என்று ஊரே போய்க்கொண்டிருக்க, வேலை முடியாமல் அருவியில் குளிக்கக் கூடாது என்று சார் பிடிவாதமாக வாளித் தண்ணீரில் குளித்தார்.

முதலில் பரண் மருந்து. ஐந்து விரல். கயிற்றை இழுத்தேன். புகை மட்டும் தாராளமாக வந்தது. வெள்ளைத் துணியில் கறுப்பு மணல். ரவை பலகைக்கு முன்னாலேயே ஈர மண்ணில் விழுந்து கிடந்தது. இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்து ஆட்கள் கூட்டிப் போடுகிற ஒரு விரலுக்கு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன்.

பிறகு அரிசி மருந்து. அதே ஐந்து விரல். சார் கண்ணை மூடிக்கொண்டார். இழுத்தேன். மரத்திலிருந்த கொக்கெல்லாம் எழும்பின. பலகைக்கு ஓடினேன், ஓடினேன் என்றால் சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். ரவைகள் கையை விரித்தாற்போல் பரவி, பலகைக்குள் ஆழமாக இறங்கியிருந்தன. சந்தோஷத்தில் கத்திவிட்டேன். சார் நிதானமாக நடந்து வந்து, ஒவ்வொரு துளையிலும் ஊசியை விட்டு அளந்து பார்த்துவிட்டு, “இப்ப எழுதும்மா” என்றார். அன்று சாயங்காலம் ஐந்தருவியில் குளிக்கப் போய் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வந்தார்.

வழக்கு தென்காசி நீதிமன்றத்தில் நடந்தது. அரசு வக்கீல் என்னை மடக்குவதற்காகக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. நான் அரசுத் தரப்புச் சாட்சிதான். ஆனாலும் என் அறிக்கை அவருக்கு ஒத்துவரவில்லை.

“அரிசிக்குள்ள வச்சா துப்பாக்கி தூரமாச் சுடும்னு சொல்றீங்க. அப்போ ராணுவத்துக்கு நாலு மூட்டை பொன்னி வாங்கிக் கொடுத்துரலாமே மேடம்?”

கோர்ட்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது; நல்ல வேடிக்கையான ஆள்.

“துப்பாக்கிய தூரமாச் சுட வச்சது அரிசி இல்லை. அரிசி மருந்தைக் காய வச்சது. காய்ஞ்ச மருந்துன்னு தெரியாம நமுத்த மருந்துக்கான அளவைப் போட்டதுதான் தூரம் போனதுக்குக் காரணம்” என்றேன். “கிட்டே நின்னு சுட்டிருந்தா ரவை இப்படிப் பரவாது. இந்த அகலமும் இந்த ஆழமும் ஒண்ணாச் சேரணும்னா, மோட்டார் ரூம் வாசல்ல இருந்துதான் சுட்டிருக்கணும்.”

கூண்டில் நின்ற சுப்பையா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அரிசி என்ற பேச்சு வந்ததும் தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார். அவருக்கே அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்திருக்க வேண்டும். முத்துப்பேச்சி அவரைப் பார்க்கவில்லை.

கொலை முயற்சிக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. கவனக்குறைவுக்குத் தண்டனை, அது முன்பே சிறையில் இருந்த நாட்களோடு கழிந்தது. லைசென்ஸ் ரத்து. சாட்சிப் படி வாங்குவதற்காகத் தீர்ப்பு நாளன்று நானும் அங்கே இருந்தேன் என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் பார்ப்பதற்காகத்தான் போனேன். நோண்டுகிற புத்தி போகாது.

தாழ்வாரத்தில் சுப்பையா ஒரு தூணோரமாக நின்றார். மாடசாமி ஊன்றுகோலோடு எதிர்த் தூணோரமாக நின்றார். நடுவில் முத்துப்பேச்சி, மஞ்சப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. மாடசாமி என்னைப் பார்த்தார். ஓடைக்கரையில் என்னைக் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. வெறுமனே தலையை அசைத்தார்.

கடைசியில் முத்துப்பேச்சிதான் வாயைத் திறந்தார்.

“மாடசாமி, என்னால வந்த வெனை. நான் அதை அங்கன வைக்காம இருந்திருந்தா ஒனக்கு ஒண்ணும் ஆயிருக்காது.” குரல் உடைந்துவிட்டது. “வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ.”

மாடசாமி தன் காலைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“வாரேன் மதினி. அரிசிக்குள்ள வேற ஒண்ணும் வச்சிருக்கலயே?”

சுப்பையா தூணைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. மாடசாமி ஊன்றுகோலை மதினி கையில் கொடுத்துவிட்டு, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.